தன் கதை பேசாத எழுத்தாளர்கள்: நியூ யார்க்கர் ஃபிக்ஷன் பாட்காஸ்ட்

புதுப் புத்தகம் வந்த கையோடு எடுக்கும் பேட்டிகளில் என்ன கேட்பார்கள் என்பது நமக்கே தெரியும். எப்படித் தோன்றியது, எத்தனை வருடம் எழுதினீர்கள், அடுத்து என்ன? அமெரிக்காவின் நியூ யார்க்கர் இதழ் நடத்தும் ஃபிக்ஷன் (புனைகதை) பாட்காஸ்ட் ஒரே விதியால் இதைத் தவிர்த்துவிடுகிறது. வருகிற எழுத்தாளர் இதழில் முன்பு வந்த இன்னொருவர் சிறுகதையைத் தேர்ந்தெடுத்து, முழுதாக வாசித்து, பிறகு புனைவுப் பகுதி ஆசிரியர் டெபோரா ட்ரீஸ்மனோடு அதைப் பற்றிப் பேச வேண்டும். 2007 முதல் மாதத்துக்கு ஒன்று வருகிறது.

முதல் எபிசோடிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபோர்ட் வாசிப்பது 1962இல் வந்த, இன்னொரு அமெரிக்கர் ஜான் சீவரின் ‘ரீயூனியன்’. ரயில் மாறும் இடைவெளியில், நியூ யார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஒரு பையன் அப்பாவைச் சந்திக்கிறான். அப்பா அவனை வரிசையாக நான்கு உணவகங்களுக்கு இழுத்துப் போய், அங்கெல்லாம் பரிமாறுபவர்களை அதட்டி அவமதிக்கிறார். அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான் என்று தொடங்கும் கதை, அதே வார்த்தைகளில் வந்து முடிகிறது. அச்சில் கண் தாவிவிடும் இந்த வட்டம் குரலில் கேட்கும்போது சட்டென்று உறைக்கும். ஃபோர்டும் இதே தலைப்பில், இதே நிலையத்தில் நடக்கும் கதை ஒன்றை எழுதியவர். ஆகவே அவர் பேச்சில் ரசிகனைவிட, அடுத்தவன் தொழிலை நோட்டம் விடும் தச்சன்தான் அதிகம் தெரிகிறான்.

குறையும் இருக்கிறது. கதையைப் போட்டது இந்த இதழ். பேச்சை நடத்துவதும் இதன் ஆசிரியர். ‘இந்த இடத்தில் கதை சறுக்குகிறது’ என்று யாராவது சொல்வது அபூர்வம். விமர்சனம் தேடி வருகிறவருக்குப் பாராட்டுதான் மிஞ்சும். எழுத்தாளர்கள் நடிகர்களும் அல்ல. உரையாடல் மிகுந்த கதையில் மூன்று பாத்திரம் சேர்ந்தால் யார் பேசுகிறார்கள் என்று குழம்பும்.

கேட்கக் காசில்லை, நடுவே விளம்பரம் வரும். வேகத்தை 1.5க்கு ஏற்றாதீர்கள், வாக்கியத்துக்கு நடுவிலுள்ள மௌனம் போனால் பாதிக் கதை போச்சு. தொடக்கத்தில் ‘ஏன் இந்தக் கதை’ என்று சில நிமிடம் பேசுவார்கள். அதைக் கேட்டுவிட்டு நிறுத்தி, கதையை நீங்களே படித்துவிட்டுத் திரும்புவது நல்லது (இதழின் தளம் சந்தா கேட்கலாம், ஆசிரியரின் தொகுப்பு நூலகத்தில் இருந்தால் அதுவே போதும்). சீவர் கதை சில நிமிடத்தில் முடியும், நெடுங்கதை என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நடைப்பயிற்சிக்குப் போகுமுன் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது இதே இதழின் ‘தி ரைட்டர்ஸ் வாய்ஸ்’ என்ற இன்னொரு பாட்காஸ்ட்டும் கண்ணில் படும். அதில் எழுத்தாளர் புது இதழில் வந்த தன் கதையையே வாசிப்பார், உரையாடல் கிடையாது.