சாக்லர் பெயர்: டஃப்ட்ஸ் கழற்றியது, ஹார்வர்ட் விட்டுவைத்தது

ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை விற்ற பர்டியூ ஃபார்மா சாக்லர் குடும்பத்துக் கம்பெனியாக இருந்தது. அந்த மாத்திரைக்கு அடிமையாகி ஆட்கள் சாகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அந்தக் குடும்பத்திடம் நன்கொடை வாங்கிய பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் வெளியாளை வைத்து விசாரித்து, அறிக்கையையும் வெளியிட்டு, 2019 டிசம்பரில் மருத்துவக் கல்லூரியிலிருந்து சாக்லர் பெயரை எடுத்தது. 1980 முதல் வாங்கிய சுமார் 1.5 கோடி டாலரைத் திருப்பித் தரவில்லை (இது கொஞ்சம் உறுத்துகிறது), ஆனால் போதை அடிமைத்தனம் பற்றிய ஆராய்ச்சி, கல்விக்காக 30 லட்சம் டாலர் நிதி ஒதுக்கியது.

ஹார்வர்ட் 2024இல் ஆர்தர் சாக்லர் அருங்காட்சியகத்தின் பெயரை மாற்ற மறுத்தது. அது சொன்ன காரணம்: அந்தக் குடும்பத்து மூத்த சகோதரரான ஆர்தர் 1987லேயே இறந்துவிட்டார், மாத்திரை 1996இல்தான் சந்தைக்கு வந்தது. சரி, நியாயமான வாதம்தான், ஆனால் டாக்டர்களைக் குறிவைத்து மருந்தை விளம்பரம் செய்யும் உத்தியை வளர்த்தவர்களில் முக்கியமானவரே அவர்தானே.

என் ஓட்டு டஃப்ட்ஸுக்கு. பெயர்ப்பலகையை எடுத்ததற்காக அல்ல. பர்டியூ அதிகாரி ஒருவரே அங்கே வலி சிகிச்சைப் பாடம் எடுத்த கதையெல்லாம் வெளியே வர விட்டதற்காக.