போர்ட் பிளேயரில் தம்பி, மதுரையில் நான்: நிலநடுக்கத் தளங்களோடு என் அனுபவம்

நிலநடுக்கச் செய்திக்கு டிவியை நம்பியிருப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. டிவியில் வருவது ஒரே ஒரு எண்தான். ‘ரிக்டர் அளவில் 6.2’ என்று சிவப்புப் பட்டையில் ஓடும். எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஊர் இருக்கிறதா, நடுக்கடலா என்று தெரிவதற்குள் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். என் தம்பி குடும்பத்தோடு போர்ட் பிளேயரில் இருக்கிறான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, அந்தமான் என்று காதில் விழுந்தாலே அம்மாவுக்கு உடம்பு பதறும். அவருக்குப் பதில் சொல்ல அந்த ஒற்றை எண் போதாது. அதற்காகத் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

நான் அதிகம் பார்ப்பது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமான யு.எஸ்.ஜி.எஸ். தளத்தின் வரைபடம். வட்டம் பெரிதாக இருந்தால் நிலநடுக்கமும் பெரிது. நிறம் காட்டுவது நேரத்தை: ஒரு மணி நேரத்துக்குள் நடந்தது சிவப்பு, ஒரு நாளுக்குள் ஆரஞ்சு, ஒரு வாரத்துக்குள் மஞ்சள். புதிதாகப் பார்ப்பவர்கள் சிவப்பைக் கண்டதும் பேரழிவு என்று நினைத்துவிடுவார்கள். அமைப்புகளுக்குள் போய் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வதும் அவசியம். இல்லாவிட்டால் அங்கே காட்டும் உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் கலிபோர்னியா, அலாஸ்கா பக்கம் வட்டங்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவுக்குள் நடக்கும் சின்னச் சின்ன அதிர்வுகளையும் அவர்கள் பட்டியலில் சேர்ப்பதால் வரும் தோற்றம் அது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 4.5-க்கு மேல் இருந்தால்தான் இடம் கிடைக்கும். உலகம் முழுவதும் ஒரே அளவுகோலில் பார்க்க விரும்புகிறவர்கள் 4.5-க்கு மேல் என்று வடிகட்டிக்கொண்டால் படம் அப்படியே மாறிவிடும். ஜப்பான், இந்தோனேசியா, டோங்கா, சிலி என்று பசிபிக்கைச் சுற்றிய வளையம் பளிச்சென்று தெரியும். நம் பக்கம் சுமத்ராவிலிருந்து நிகோபார், அந்தமான் வழியாக மியான்மர் வரை ஒரு கோடு ஏறும்.

பட்டியலில் ஒரு நிகழ்வைத் தொட்டால் திறக்கும் பக்கத்தில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது. எல்லோரும் அளவைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது ஆழம். 2025 ஜூலை 30, நம் நேரப்படி அதிகாலை, ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 31 இரவு ஆப்கானிஸ்தானின் குனாரில் 6.0. வெளிப்பட்ட ஆற்றலில் முதலாவது சுமார் 16,000 மடங்கு பெரியது. ஏனென்றால் அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். ஆனால் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது குனாரில். எட்டு கிலோமீட்டர் ஆழம், மலைச்சரிவில் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள், எல்லோரும் தூங்கும் நேரம். கம்சட்காவில் மையம் கடலுக்கடியில், கரையோரம் ஆள் நடமாட்டம் குறைவு. 2013-இல் ஓகோட்ஸ்க் கடலில் 8.3 வந்தது. சுமார் 600 கிலோமீட்டர் ஆழம் என்பதால் மாஸ்கோ வரை உணர்ந்தார்கள், சேதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆழத்தில் ஒரு விஷயம்: சரியாக 10 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், பல சமயம் அது அளந்து கிடைத்ததல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்ட எண். தரவு சேரச் சேர மாறலாம்.

அளவும் மாறும். கம்சட்காவுக்கு முதலில் வந்தது 8.0, பிறகு 8.7, கடைசியில் 8.8. இதை ‘மறைத்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதல் எண் கணினி போடுவது, பிறகு நிபுணர்கள் சரிபார்ப்பது. எது தானியங்கி, எது சரிபார்க்கப்பட்டது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அதே பக்கத்தில், மக்கள் உணர்ந்த அதிர்வின் வலிமையை ரோமன் எண்களில் காட்டும் வரைபடமும் உண்டு. அம்மாவுக்கு நான் விளக்கியது இப்படி: திருவிழாவில் போடும் அதிர்வேட்டு ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைக்கும், கண்மாய்க் கரையில் நிற்பவருக்கு லேசாகக் கேட்கும். வேட்டின் அளவு வேறு, நம் காதுக்கு வந்து சேர்ந்தது வேறு. மண்ணும் சேர்ந்து விளையாடும். 2025 மார்ச் 28-இல் மியான்மரின் சகாயிங் பிளவில் (பூமிப் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகரும் விரிசல்) 7.7 வந்தபோது, சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து விழுந்தது. அந்த நகரம் உட்கார்ந்திருப்பது மென்மையான களிமண்ணில். அது தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளைப் பெருக்கிவிடும்.

எனக்கு அதிகம் உதவியது பந்து போன்ற ஒரு படம். கறுப்பும் வெள்ளையுமாக, பிளவு எப்படி நகர்ந்தது என்று காட்டும். நாலு கால்பகுதியாகப் பிரிந்திருந்தால் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்திருக்கின்றன. நடுவில் நிறம் அடர்ந்திருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. கடலடியில் இரண்டாவது வகை பெரிதாக வந்தால் தண்ணீரையும் சேர்த்துத் தூக்கும். 2004-இல் 9.1 அப்படி வந்தது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 வந்தது. சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஜனங்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். தம்பிக்கு லைன் கிடைக்கவில்லை, அம்மா பூஜை அறையை விட்டு வரவில்லை. அன்று வந்தது பக்கவாட்டு நகர்வு. பெரிய சுனாமி எழவில்லை.

ஆனால் பந்துப் படம் வருவதற்கு நேரம் பிடிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். 2004-இல் நமக்கு இப்படி ஒன்று கிடையாது. 2007-இல் வந்தது. நான் போனில் தம்பியிடம் சொல்லிவைத்திருப்பது இன்னும் எளிது: நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலோ, ஆட்டம் நீண்டுகொண்டே போனாலோ, எந்த அறிவிப்பையும் எதிர்பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடு.

ஐரோப்பாவின் இ.எம்.எஸ்.சி. அமைப்பு நடத்தும் லாஸ்ட்க்வேக் செயலி வேறு மாதிரி. கருவிகளோடு, மக்கள் பதறிப்போய்த் தளத்துக்குள் ஒரே நேரத்தில் நுழைவதையும் வைத்து நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்லக் கார்ட்டூன் படங்களிலிருந்து ஒன்றைத் தொட்டால் போதும், மொழி வேண்டாம். அங்கே இருப்பவர்கள் எழுதும் ஒற்றை வரிகளைப் படிக்கும்போது, நிலநடுக்கம் மனிதர்களுக்கு நடப்பது என்பது உறைக்கும். எந்த அளவுக்கு மேல் வந்தால் போனில் அறிவிப்பு வர வேண்டும் என்ற எல்லையை மட்டும் உயர்த்தி வையுங்கள்.

உள்ளூருக்கு இவை உதவாது. இடுக்கிப் பக்கம் 2011-இல் சிறு அதிர்வுகள் வந்தபோது முல்லைப்பெரியாறு பற்றி எத்தனை பேச்சு! 1895-இல் திறந்த அந்த அணையின் தண்ணீர்தான் வைகைக்கு வந்து எங்கள் பக்கம் வயல்களையும் குடங்களையும் நிரப்புகிறது. பயம் வருவது இயல்பு. அந்த மாதிரி 2, 3 அளவு அதிர்வுகளைத் தேட டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலும் பூகம்ப் செயலியும்தான் வழி. யு.எஸ்.ஜி.எஸ். எண்ணோடு இவர்கள் எண் 0.2, 0.3 வித்தியாசப்படுவதுண்டு. நிலையங்களும் கணக்கும் வேறு என்பதுதான் காரணம். நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. கொடைக்கானலில் 1899-லேயே நில அதிர்வுமானி வைத்துவிட்டார்கள்.

மதுரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையில் 2016-இல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் நாம் இரண்டாம் மண்டலம், இருந்த நாலு மண்டலங்களில் ஆபத்து மிகக் குறைந்தது. ஆனால் 1900-இல் கோயம்புத்தூரில் சுமார் 6 அளவில் வந்திருக்கிறது. 1993-இல் மகாராஷ்டிராவின் லாத்தூரில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். அதுவும் பழைய, அசையாத பாறை என்று நம்பப்பட்ட நிலம்தான். மாடிக்கு மேல் மாடி எழுப்புகிறவர்கள் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

‘நாளை இத்தனை மணிக்கு வரும்’ என்று முன்கூட்டியே சொல்லும் செயலிகளும் வீடியோக்களும் நிறைய இருக்கின்றன. நாள், இடம், அளவு சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்கும் முறை இன்று உலகில் யாரிடமும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு வீடியோவைப் பார்த்து எங்கள் தெருவில் ஒரு பாட்டி இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவற்றை அழித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வரும் நிலநடுக்க எச்சரிக்கை வேறு விஷயம். அது ஆட்டம் தொடங்கிய பிறகு, வலுவான அலை வந்து சேர்வதற்குச் சில நொடிகள் முன்னால் சொல்வது. 2023 முதல் இந்தியாவிலும் இருக்கிறது. அமைப்புகளில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதியில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் போனில் உலகம் முழுவதற்கும் 6, அந்தமான் கடலுக்கு மட்டும் 4.5 என்று எல்லை வைத்திருக்கிறேன். ஜப்பான், தைவான், இந்தோனேசியாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் அந்தந்தப் பகுதிக்கு 5 வைத்தால் போதும். நம்மவர்கள் யாராவது இந்த நிகழ்வுப் பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தால், முதலில் அம்மாவின் போனில்தான் ஏற்றுவேன்.