போன் படமா, புரோக்கர் படமா, போட்டோகிராபரா, ஏ.ஐ.யா? ரீசேல் ஃபிளாட் விற்க எது உதவும்?

சென்னையில் ரீசேல் ஃபிளாட் தேடுகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் என்று ஏதோ ஒரு வீட்டு விளம்பரத் தளத்தைத் திறப்பார், ஏரியாவையும் பட்ஜெட்டையும் போடுவார், அப்புறம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார். யு.டி.எஸ். (நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, எந்த வருஷத்துக் கட்டடம், கார் பார்க்கிங் மூடியதா திறந்ததா என்பதெல்லாம் உள்ளே போனால்தான் தெரியும். உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வைப்பது வெளியே தெரிகிற அந்த ஒரு படம்தான். அந்த இடத்தில் பச்சை வாளியும் மக்குமாக ஒரு பாத்ரூம் நின்றால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் வீட்டில் கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தது அவருக்குத் தெரியவே போவதில்லை.

படம் மோசமானால் விலை உடனே குறைந்துவிடாது. அது நடப்பது வேறு மாதிரி. முதல் இரண்டு வாரம், அதாவது லிஸ்டிங் புதிதாக இருந்து அந்த ஏரியாவில் தேடுகிற எல்லோர் கண்ணிலும் படுகிற நேரத்தில், உண்மையிலேயே வாங்கக்கூடியவர்கள் வராமல் போகிறார்கள். வீடு அப்படியே நிற்கிறது. மூன்று மாதம் போனதும் பார்க்கிறவர்களுக்கே சந்தேகம் வருகிறது: ஏன் இன்னும் போகவில்லை, ஏதாவது வில்லங்கம் இருக்குமோ? அதன் பிறகு போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள்தான். பத்திரம் சுத்தமாக இருக்கிற வீட்டுக்கே இந்தக் கதி.

சரி, படம் எடுக்க நம் முன்னால் நான்கு வழி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விழுவது புரோக்கர் படத்தில்.

புரோக்கர் வருவது அவருக்கு வசதியான நேரத்தில், பெரும்பாலும் ராத்திரி ஏழு மணிக்கு மேல். டியூப்லைட் வெளிச்சத்தில், வாசலில் நின்றபடியே போனை நிமிர்த்திப் பிடித்து நாலு படம். அதில் ஒன்றில் அவர் கட்டைவிரல் இருக்கும். அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிந்த மற்ற புரோக்கர்களுக்குப் போகும். வாட்ஸ்அப் படத்தின் அளவைச் சுருக்கி அனுப்புவதால் வாங்கியவர் கைக்கே மங்கித்தான் வருகிறது. அதன் மேல் ஒவ்வொருவரும் தங்கள் போன் நம்பரைக் குறுக்கே போட்டுத் தனித்தனியாக ஏற்றுகிறார்கள். கடைசியில் ஒரே வீடு ஐந்து இடத்தில், ஐந்து விலையில், ஒன்றில் 950 சதுர அடி, இன்னொன்றில் 1,020. வாங்க வருகிறவர் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார், அதுவும் இருப்பதிலேயே குறைந்த விலையிலிருந்து. புரோக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பலம் படத்தில் இல்லை, ஆள் பிடிப்பதில் இருக்கிறது. நல்ல புரோக்கர் ஒரு படம்கூட இல்லாமல் தெரிந்த குடும்பத்தைக் கூட்டிவந்து விற்றுக் கொடுத்துவிடுவார். அதனால் ஆள் பிடிக்கிற வேலையை அவரிடம் விடுங்கள், படத்தை நீங்கள் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் அளவு குறையாது.

அப்படியானால் நம் போனே போதுமா? பெரும்பாலும் போதும் என்றுதான் சொல்வேன், ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் அரை நாள் வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த கேமரா வந்தும் பிரயோஜனமில்லை.

மடிப்பாக்கத்தில் ஒரே பிளாக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த இரண்டு 2பிஎச்கே லிஸ்டிங்குகளைப் பார்த்தேன். ஒரே பிளான், ஏறக்குறைய ஒரே விலை. கீழ்வீட்டுப் படத்தில் ஹாலின் குறுக்கே கொடி கட்டி உள்பாவாடை, பனியன், பள்ளிக்கூட யூனிஃபார்ம். டிவி மேல் மூன்று வருஷத்துக் காலண்டர்கள். சோபாவுக்குப் பக்கத்தில் இரண்டு தண்ணீர் கேன், அதன் மேல் ஹெல்மெட். ஜன்னல் இருக்கிறது, ஆனால் திரை இழுத்து மூடியிருக்கிறது. மேல்வீட்டில் பொருள் ஒன்றும் உயர்தரமில்லை, அதே ரெக்சின் சோபாதான். கொடி இல்லை, திரை விலகியிருக்கிறது, தரையில் காலை வெயில் ஒரு பட்டையாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் கீழ்வீடு நூறு சதுர அடி சின்னதாகத் தெரிகிறது! பார்க்கிறவர் கண் காலி இடத்தைத் தேடுகிறது. சாமான் இருக்கிற இடத்தையெல்லாம் அறையிலிருந்து கழித்துவிடுகிறது.

போனில் எடுக்கும்போது கெடுப்பவை சில விஷயங்கள்தான். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைத் தளங்கள் பக்கவாட்டுக் கட்டத்துக்குள் வெட்டிப் போடும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் பட்டை விழும். அதனால் போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். நின்ற உயரத்திலிருந்து கீழே குனிந்து எடுத்தால் சுவர்கள் சாய்ந்து தெரியும், நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்தால் தெரியாது. கிச்சனில் மட்டும் மேடை மேல்பாகம் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் தூக்கலாம். போனில் அகலமாக எடுக்கிற 0.5 லென்ஸைப் பாத்ரூமுக்கும் சின்ன பெட்ரூமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் அதைப் போட்டால் ஓரத்தில் இருக்கிற பீரோ சாய்ந்து விழுகிற மாதிரி நீண்டுவிடும். பலர் கவனிக்காத இன்னொன்று விளக்கு. நம் வீடுகளில் ஒரு பக்கம் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட், இன்னொரு பக்கம் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு, நடுவில் ஜன்னல் வெளிச்சம். மூன்றும் சேர்ந்தால் போன் கேமரா குழம்பிப்போய் ஒரு சுவரை நீலமாகவும் இன்னொன்றை மஞ்சளாகவும் காட்டும், புதிதாக அடித்த பெயின்ட்கூடக் கறை பிடித்த மாதிரி ஆகிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் திரையை விலக்கி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். இருட்டான வீடு என்றால் எல்லாம் ஒரே நிறமாக இருக்கும்படி பல்பை மாற்றிவிட்டு எடுக்கலாம்.

எதை ஒதுக்குவது என்பதில் ஒரு விஷயம். சாமி படத்தை ஒதுக்க வேண்டியதில்லை, பூஜை அலமாரி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தானே போகிறார்கள். குழந்தைகள் படம், மருந்து அட்டை, பீரோ சாவி, மேஜை மேல் கிடக்கிற பேங்க் பாஸ்புக், இவையெல்லாம் அழகுக்காக அல்ல, யார் யாரோ பார்க்கிற இடம் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியவை.

போட்டோகிராபர் வழிக்கு வருவோம். அவர் கையில் இருப்பது அகல லென்ஸ், ட்ரைபாட், அப்புறம் ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற வேலை. போன் படத்தில் ஜன்னல் வெறும் வெள்ளையாக எரிந்து போகும். அவர் படத்தில் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற வேப்பமரமும் தெரியும், உள்ளே இருக்கிற சோபாவும் தெரியும். காற்றோட்டமும் வெளிக்காட்சியும்தான் உங்கள் வீட்டின் பெருமை என்றால் அந்த ஒரு காரணத்துக்கே கொடுக்கிற காசு தகும். எண்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு சதவீதக் கமிஷன் என்றாலே எண்பதாயிரம். படத்துக்குச் சில ஆயிரம் கொடுக்க மட்டும் நாம் ஏன் கணக்குப் பார்க்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

இருந்தாலும் சாதாரண 2பிஎச்கேவுக்கு நான் அவரைக் கூப்பிடச் சொல்ல மாட்டேன். அகல லென்ஸில் 10க்கு 11 பெட்ரூம் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துவிடும். அந்தப் படத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் கதவைத் திறந்ததும் முகம் சுருங்கும். அங்கேயே பேரம் அவர் கைக்குப் போய்விடும், “படத்துல பெருசா இருந்துச்சே” என்ற ஒரு வார்த்தையில். தனி வீடு, ஈ.சி.ஆர். பக்கத்து வில்லா, பெரிய 3பிஎச்கே, வெளிநாட்டில் இருந்துகொண்டு விற்கிறவர்கள், இவர்களுக்கு போட்டோகிராபர் சரி. மேலேயிருந்து ட்ரோன் படம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி அவற்றைச் சுற்றி அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

நான்காவது வழி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. காலி அறையைப் படமெடுத்துக் கொடுத்தால் ஏ.ஐ. சோபா போடும், கார்ப்பெட் விரிக்கும், சுவரில் ஓவியம் மாட்டும். காலி வீட்டில் இது ஓரளவு உதவும் என்பதை மறுக்க மாட்டேன், வெறும் அறையைப் பார்த்து இங்கே கட்டில் போட இடம் இருக்குமா என்று எல்லோராலும் கணிக்க முடியாது. பக்கத்திலேயே நிஜப் படத்தையும் வைத்து, இது சும்மா அலங்காரம் என்று எழுதிவிட்டால் தப்பில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் இது சட்டமாகவே வந்துவிட்டது: விற்பனை விளம்பரத்தில் படத்தை டிஜிட்டலாக மாற்றியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத படத்தையும் பார்க்க வழி கொடுக்க வேண்டும். நம் ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 12ஆவது பிரிவு, பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் அது புரொமோட்டருக்கானது, அதாவது கட்டி விற்கிற பில்டருக்கானது. தன் பழைய ஃபிளாட்டை விற்கிற தனிமனிதரை அது பிடிக்காது.

சட்டம் பிடிக்காவிட்டாலும் வாங்க வருகிறவர் பிடித்துவிடுவார். சோபா சேர்ப்பது வேறு, ஓதம் அடித்த சுவரை அழிப்பது வேறு. கூடவே வருகிற மாமனார் சும்மா வரமாட்டார். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் கை வைத்துப் பார்ப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார், லாஃப்டுக்கு மேலே டார்ச் அடிப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வேளச்சேரி மாதிரி இடங்களில் தரைத்தள வீடு பார்க்கிறவர்கள் சுவரின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் நின்ற தடம் தேடாமல் வருவதில்லை. படத்தில் இல்லாத கறை நேரில் இருந்தால் மீதி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள், பத்திரம் உட்பட. ஜன்னலுக்கு எதிரே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை மறைத்து என்ன ஆகப்போகிறது, அவர் வரும்போது அது அங்கேதானே நிற்கும்! கசிவு இருந்தால் சரிசெய்து, பட்டி பார்த்து, ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டுப் படமெடுங்கள். நாலு வழியிலும் எனக்கு நம்பிக்கை இல்லாத வழி ஏ.ஐ.தான், காலி வீடு தவிர.

ஐந்தாவதாக ஒன்றும் பார்க்கிறோம், பில்டரின் பழைய புரோஷர் படம். பத்துப் பன்னிரண்டு வயதான கட்டடத்துக்கு, எதிரே புல்வெளியும் நீரூற்றுமாக வரைந்த படத்தைப் போடுவது. அதைப் பார்த்ததும் நான் நினைப்பது ஒன்றுதான்: உள்ளே காட்ட முடியாத நிலைமை.

எந்த வழியில் எடுத்தாலும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பாதி விஷயம். நீங்களே குடியிருந்தால் மேலே சொன்ன அரை நாள் போதும். வாடகைக்கு விட்டிருந்தால் சிக்கல், ஏனென்றால் வீடு விற்றால் குடியிருக்கிறவர் பெட்டி கட்ட வேண்டும், உங்கள் படத்துக்காக அவர் ஏன் கொடியை அவிழ்க்கப் போகிறார்? திடீரென்று புரோக்கரை அனுப்பிக் கதவைத் தட்டினால் உர்ரென்று ஒரு முகமும் கலைந்த வீடும்தான் கிடைக்கும். முன்கூட்டியே சொல்லி, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கேட்டு, சுத்தம் செய்ய ஆள் கூலியை நீங்களே கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் அவர் காலி செய்யும்வரை லிஸ்டிங் போடாமல் இருப்பதே மேல். ஒன்றிரண்டு மாத வாடகை போனாலும், காலியாகிப் பெயின்ட் அடித்த வீட்டுக்கு வருகிற கூட்டமே வேறு.

படத்தோடு கூட ஒரு பிளானையும் போடுங்கள், கையால் ஸ்கேல் வைத்துப் போட்டதாக இருந்தாலும் சரி. வாசல் எந்தத் திசை, கிச்சன் தென்கிழக்கில் இருக்கிறதா, பாத்ரூம் எந்த மூலை, இந்த மூன்று கேள்விக்குப் பதில் தெரியாமல் வாஸ்து பார்க்கிற குடும்பம் கிளம்பி வராது. பத்தாவது பெட்ரூம் படத்தை விட அது உபயோகம். முதல் படமாக இருப்பதிலேயே வெளிச்சமான அறையைப் போடுங்கள், அது பெரும்பாலும் ஹாலாகத்தான் இருக்கும். அப்புறம் கிச்சன், பெட்ரூம்கள், பால்கனி, பார்க்கிங், கட்டடத்தின் முகப்பு. பாத்ரூம் கடைசியில் வரட்டும், ஆனால் கட்டாயம் வரட்டும், அதைக் காட்டாவிட்டால் மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

ஏற்கெனவே மோசமான படத்தோடு போட்டு மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், புதுப் படத்தை மேலே சேர்த்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பழைய லிஸ்டிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முன்பு படம் கொடுத்த ஒவ்வொரு புரோக்கருக்கும் போன் செய்து, பழையதை நீக்கி, புதுப் படத்தையும் இப்போதைய விலையையும் சதுர அடியையும் ஒரே மாதிரி போடச் சொல்லுங்கள். ஒருவராவது மறந்துவிடுவார், வாங்க வருகிறவர் சரியாக அந்தப் பழையதைத்தான் போனில் திறந்து காட்டுவார், அதனால் இரண்டு நாள் கழித்து நீங்களே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.