கருப்பு வெள்ளையில் துலங்கும் வெட்டுகள்: 'பிளாக் அண்ட் குரோம்' ப்ளூ-ரே

சண்டைக் காட்சிகளின் படத்தொகுப்பைக் கூர்ந்து கற்க விரும்புவோருக்கு, ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) படத்துக்கு 2016 இறுதியில் வெளியான 'பிளாக் அண்ட் குரோம்' என்னும் கருப்பு வெள்ளை ப்ளூ-ரேயைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். படம் அதேதான்; ஆரஞ்சு மணலும் நீல வானமும் போய், ஆழ்ந்த கருமையும் பளிச்சென்ற வெண்மையும் வந்திருக்கின்றன.

இதைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸல் அதற்கு முன் அதிரடிப் படம் எதையும் தொகுத்தவர் அல்லர். ஏறத்தாழ 480 மணி நேரக் காட்சிகளிலிருந்து அவர் உருவாக்கிய இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2700 ஷாட்டுகள் (இரண்டு வெட்டுகளுக்கு இடையே தொடர்ந்து ஓடும் துண்டுகள்) உள்ளன. அதாவது சராசரியாக ஒரு ஷாட் மூன்று வினாடிகூட நீடிப்பதில்லை. இவ்வளவு விரைவாக வெட்டப்படும் பல படங்களில் யார் யாரை அடிக்கிறார் என்பதே தெரியாமல் போகும்போது, இதில் ஒவ்வோர் அடியும் தெளிவாக விளங்குவதற்கு முதன்மையான காரணம், பார்க்க வேண்டிய முகமோ கையோ துப்பாக்கியோ பெரும்பாலும் திரையின் நடுவிலேயே வைக்கப்பட்டிருப்பதுதான். ஷாட் மாறியதும் கண் எதையும் தேடி அலைவதில்லை. வண்ணம் இல்லாத இப்பதிப்பில் இந்த ஒழுங்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது.

லாரியின் அருகே நாயகன் மேக்ஸும், அந்த லாரியை ஓட்டி வந்த ஃப்யூரியோசாவும் மோதும் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மயங்கிக் கிடக்கும் நக்ஸ் என்னும் எதிரணி இளைஞனுடன் சங்கிலியால் பிணைக்கப்பட்ட மேக்ஸ், ஒற்றைக் கையுடன் போராடும் ஃப்யூரியோசா, சங்கிலியைப் பிடித்திழுக்கும், அவளோடு தப்பி வந்த பெண்கள் என்று பலர் ஒரே இடத்தில் புரண்டாலும், சங்கிலி எந்தப் பக்கம் இழுபடுகிறது, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதில் ஒரு கணமும் ஐயம் எழவில்லை. ஒருவர் கை நீட்டும் அசைவின் நடுவே வெட்டி, அடுத்த ஷாட்டில் அதே அசைவை முடிக்கும் நேர்த்தியை இங்கே கற்கலாம்.

வேகத்தைக் கையாண்ட விதமும் கவனிக்கத் தக்கது. படத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வினாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படச்சட்டங்கள்) என்ற வழக்கமான வேகத்தில் ஓடவில்லை என்று ஒளிப்பதிவாளர் ஜான் சீல் கூறியிருக்கிறார். புரியாத ஷாட்டை, புரியும்வரை மில்லர் மெதுவாக்கினாராம். சில ஓட்டங்களில் தெரியும் மௌனப் படக் காலத்துத் துடிப்பு, கருப்பு வெள்ளையில் மிக இயல்பாகப் பொருந்துகிறது.

புழுதிப் புயல் காட்சி மட்டும் இதில் தன் மூர்க்கத்தைச் சற்று இழந்திருக்கிறது; அதற்கு வண்ணப் பதிப்பே மேல். படத்தை இதுவரை பார்க்காதவர்களும் வண்ணப் பதிப்பிலேயே தொடங்க வேண்டும். தொகுப்பு மேசையில் அமர்பவர்களோ இந்த வட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பது நல்லது.