பாம்பன் கயிற்றுக்கு எந்தச் சோதனை: அகச்சிவப்பா, வெப்பமா?

பாம்பன், மண்டபம் கரையில் வெயிலில் கிடந்து நைந்த பாலிஎத்திலீன் கயிற்றைத் தேய்த்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி.

அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ⁻¹ அருகே கார்போனைல் (கார்பன்–ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பு) முகடு எழுந்தால், பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலியில் ஆக்ஸிஜன் ஏறிவிட்டது என்று அர்த்தம். நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி அளக்கும் ஏ.டி.ஆர். முறையில் மேற்பரப்பின் ஓரிரு மைக்ரான்தான் தெரியும். பாசியை நன்றாகக் கழுவாவிட்டால் அதன் புரத முகடு 1650 செ.மீ⁻¹ அருகே வந்து குழப்பும்.

வெப்பச் சோதனையில் சில மில்லிகிராமை 200 டிகிரி செல்சியஸில் ஆக்ஸிஜனில் வைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் தெரியும். வெயிலுக்கென்றே சேர்க்கும் அமீன் நிலைப்படுத்தி சரியாகத் தெரியாது.

அதனால் கரைக் கயிற்றுக்கு அகச்சிவப்பே முதலில். வெளியிழையோடு முறுக்கைப் பிரித்து உள்ளிழையையும் பாருங்கள்.