கரும்பைத் துண்டு போட்டுத் தின்ற பொங்கல்

பொங்கலன்று காலை அம்மா கரும்பைத் தோல் சீவி, சுண்டுவிரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, ஒரே தட்டில் இரண்டு பேருக்கு வைத்தார். ஒருவர் பாட்டி, வயது 87. இன்னொருவர் நான், வயது 44. அண்ணன் மகன் திண்ணையில் உட்கார்ந்து முழுக் கரும்பைக் கணுவோடு கடித்து இழுத்து, சக்கையைத் துப்பிக்கொண்டிருந்தான். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். என் முன்பற்களுக்கு நான் 72,000 ரூபாய் கொடுத்திருந்தேன். கரும்பைத்தான் தின்ன முடியவில்லை.

அந்தப் பற்கள் வந்தது 2022 ஆவணியில், தம்பி கல்யாணத்துக்காக மெல்பர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்தபோது. அங்கிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எழுதிவைக்கும் பட்டியல் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: பிளவுஸ் தைக்க வேண்டும், வங்கிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், மூக்குக்கண்ணாடி, பல். ஆஸ்திரேலியாவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், பெரியவர்களின் பல்லை உடம்பின் உறுப்பாகவே நினைப்பதில்லை. தனியாகக் காப்பீடு எடுத்தாலும் எனக்குரிய ஆண்டு வரம்பு ஒரே கேப்பில், அதாவது பல்மேல் ஒட்டும் ஒரே உறையில், தீர்ந்துவிடும். சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் மேல் முன்பற்கள் இரண்டும் பழுப்பேறியிருந்தன. பக்கத்துச் சிங்கப்பல் ஒன்று கொஞ்சம் தெற்றி நின்றது. மெல்பர்னில் ஒரு கேப்புக்கு 1,900 டாலர் கேட்டார்கள். இங்கே, பளிங்குத் தரை போட்ட ஓர் இடத்தில், ஆறு கேப்பையும் ஐந்தே நாளில் போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

அவர்களின் உபசரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். காபி வந்தது. என் புகைப்படத்தைத் திரையில் போட்டு, புதுப் பற்களை அதில் பொருத்தி, முன்னும் பின்னும் காட்டினார்கள். கல்யாண ஆல்பத்தில் நான் நன்றாகவே இருக்கிறேன். கேப்புகளை ஒட்டியபின் “கடித்துப் பாருங்கள், சரியாக இருக்கிறதா?” என்று கேட்டபோது நான் மல்லாந்து படுத்திருந்தேன். மரத்துப்போன மேலுதடு யாருடையதோ போல இருந்தது. இருக்கிறது என்றேன். மறுநாள் மருதாணி வைக்க வேண்டியிருந்தது.

மெல்பர்ன் திரும்பி மூன்று மாதத்தில் காலை எழும்போதே கன்னம் இறுகிக் கிடக்கத் தொடங்கியது. பொட்டில் வலி. காதுவலி என்று போனால் காதில் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். கொட்டாவி விட்டால் இடது காதருகே ‘டக்’கென்று ஒரு சத்தம், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் கணவருக்கே கேட்கும். பிறகு ஒரு கேப்பின் விளிம்பு சில்லுப் பெயர்ந்தது. பழைய இடத்துக்கு எழுதினேன். நேரில் வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று உடனே பதில் வந்தது. நல்ல மனசுதான். ஆனால் மாற்றித் தருவதும் அதே அச்சில் வரும் அதே கேப்தானே?

இந்த முறை நான்கு வார விடுப்பு. கல்லூரித் தோழி ஒருத்தி பல் மருத்துவர். அவள் சொன்னாள்: “பிராஸ்தோடான்டிக்ஸில், அதாவது கேப்பும் செயற்கைப் பல்லும் பொருத்தும் துறையில், எம்.டி.எஸ். படித்தவராகப் பார். அவருடைய மேசையில் ஆர்ட்டிகுலேட்டர், தாடை அசைவதைப் போல அசையும் கருவி, இருக்கிறதா என்று பார். அதில் தூசி படிந்திருந்தால் எழுந்து வந்துவிடு.” அப்படித்தான் திருச்சி தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில், மருந்துக்கடைக்கு மேலே மாடியிலிருந்த கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். பொங்கலுக்கு மூன்று நாள் மூடியிருந்தது. திறந்த அன்று டோக்கன் எண் 14. ஒரு மணி நாற்பது நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். இடையில் கரண்ட் வேறு போனது. காபியெல்லாம் இல்லை.

டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். முதல் பத்து நிமிடம் அவர் என் வாய்க்குள் பார்க்கவே இல்லை. எப்போது வலிக்கிறது, காலையிலா மாலையிலா, தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். பிறகு இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடச் சொன்னார். வேண்டுமானால் நீங்களும் இப்போதே வைத்துப் பாருங்கள். காதுத் துளைக்கு ஒட்டி முன்னால், விரலுக்கடியில் ஒன்று புரளுவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முதலில் கதவுக் கீல் போலச் சுழலும்; இன்னும் திறந்தால் இருந்த குழியைவிட்டு முன்னால் வழுக்கி வரும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு போன்ற சிறு தட்டு ஒன்று இருக்கிறது. அது இடம் பிசகி, வாயைத் திறக்கும்போது மறுபடி தன் இடத்தில் ஏறி உட்காரும் சத்தம்தான் என் ‘டக்’.

“சத்தம் மட்டும் என்றால் நான் தொடவே மாட்டேன் அம்மா. எத்தனையோ பேருக்குச் சத்தம் இருக்கும், வலி இருக்காது. உங்களுக்கு வலி இருக்கிறது, வாயும் சரியாகத் திறக்கவில்லை” என்றார். பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நிறுத்தினார். 31 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 40-க்குக் குறையக் கூடாதாம்; நம் விரல்கள் மூன்றைச் செங்குத்தாக உள்ளே விட முடிய வேண்டும். எனக்கு இரண்டுதான் போயிற்று. திறக்கும்போது தாடை இடப்பக்கம் ஒதுங்குவதையும் கண்ணாடியில் காட்டினார். இரண்டு வருடமாக அதே முகத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு நாற்காலியை நிமிர்த்தி என்னை நேராக உட்காரவைத்தார். படுத்திருக்கும்போது தாடை கொஞ்சம் பின்னால் சரியும், சாப்பிடுவது உட்கார்ந்துதானே என்றார். பற்களைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, கார்பன் தாள் போன்ற நீலக் காகிதத்தை நடுவில் வைத்து “டக் டக்கென்று தட்டுங்கள்” என்றார். அடுத்துச் சிவப்புக் காகிதம், “இப்போது மாடு அசைபோடுகிற மாதிரி பக்கவாட்டில் அரையுங்கள்.” கண்ணாடியில் பார்த்தால் கடைவாய்ப்பற்களில் அங்கங்கே மங்கலான நீலப் புள்ளிகள், முன்பக்கக் கேப்புகளின் உட்புறத்திலோ மை கொட்டியது போல அடர் நீலம், அதன்மேல் சிவப்புக் கீறல்கள். கடைசியாக, வெள்ளித்தாள் மாதிரி ஒரு மெல்லிய இழையை இடுக்கியில் பிடித்துக் கடைவாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்தார். அதன் கனம் 8 மைக்ரான். முடி அதைப்போலப் பல மடங்கு தடிமன். கடைவாய்ப்பற்கள் சேர்ந்திருந்தால் அந்த இழை வரக்கூடாது. எனக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்பக்கம் வைத்ததும் பிடித்துக்கொண்டது.

அதாவது நான் வாயை மூடும்போதெல்லாம் முதலில் இடிப்பது அழகுக்காகப் போட்ட ஆறு கேப்புகள்தான். அரைக்க வேண்டிய கடைவாய்ப்பற்கள் வேலையில்லாமல் நிற்க, கீழ்த்தாடை அந்த இடியைத் தவிர்க்க நாள் முழுவதும் பின்னால் ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஆறின் உட்புறமும் கொஞ்சம் தடிமன். வெளிப்புறத்தைத்தானே திரையில் பார்த்தோம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் கேப்தான் காரணமா என்று கொஞ்சம் ஆவலோடு கேட்டேன். பழியைப் போட ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் வேண்டாம்? அவர் சம்மதிக்கவில்லை. என் கீழ்ச் சிங்கப்பற்களின் கூர் மழுங்கித் தட்டையாகியிருந்ததைக் காட்டினார். அது இரண்டு வருடத் தேய்மானம் அல்ல. பல வருடமாகத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்து வந்திருக்கிறேன். தாடை மூட்டு வலிக்குக் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது, மனஅழுத்தம், தூக்கம், பழைய அடி எல்லாம் சேரும் என்றார். “கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்குமா?” என்று கேட்டார். பற்கள் எப்போதும் ஒட்டித்தானே இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம். உதடு மூடியிருக்கலாம், பல் சேரக் கூடாது. சும்மா இருக்கையில் இரண்டு வரிசைக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ என்று அம்மா புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் செய்துவந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆறையும் உடைத்து எடுத்துவிட்டு புதிதாகப் போடுங்கள், மூன்று வாரம் இருக்கிறேன் என்றேன். “மூன்று வாரத்தில் போடலாம். நான் போட மாட்டேன்” என்றார். வலியில் இறுகிக் கிடக்கும் தசையோடு கடியை அளந்தால் அந்த அளவே தப்பாகத்தான் வரும். முதலில் திரும்பப் பெறக்கூடிய வைத்தியம், பிறகுதான் பல்லைச் சீவும் வைத்தியம். இது அவருடைய பிடிவாதம் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் இதையேதான் சொல்கிறது. அன்று அவர் செய்தது, இரண்டு கேப்புகளின் உட்புறத்தில் அடர்நீலம் விழுந்த இடத்தை மட்டும் லேசாக உரசிப் பளபளப்பாக்கியது. கீழிறங்கி ஆட்டோவில் உட்கார்ந்து வாயை மூடினேன். கடைவாய் சேர்ந்தது. ரொம்ப நாளாக வெளியூர் போயிருந்தவர் திரும்பி வந்து கதவைத் தட்டிய மாதிரி இருந்தது.

அடுத்து அளவெடுத்து, கெட்டி அக்ரிலிக்கில் ஒரு நைட் கார்டு, தூங்கும்போது பற்கள்மேல் மாட்டிக்கொள்ளும் தட்டு. விளையாட்டுக் கடையில் கிடைக்கும் ரப்பர் தட்டு வேண்டாம், சிலர் அதையே போட்டுக் கடித்து மென்றுகொண்டிருப்பார்கள் என்றார். நான்கைந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் அதே நீலக் காகிதம், அதே உரசல். முதல் முறை ஆறு புள்ளிகள் அடர்த்தியாக விழுந்தன. மூன்றாம் முறை எல்லாப் பற்களுக்கும் ஒரே மாதிரி மெல்லிய புள்ளிகள். வெந்நீர் ஒத்தடம், மென்மையான சாப்பாடு, கொட்டாவி வந்தால் தாடைக்கடியில் கைமுட்டியை வைத்துத் தாங்குவது. மணப்பாறை முறுக்கை இரண்டு வாரம் கண்ணால் மட்டும் பார்த்தேன். புவிசார் குறியீடு பெற்ற முறுக்கு. அதற்கு இப்படி ஓர் அவமரியாதை.

பணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஆலோசனை 400, முழுத் தாடை எக்ஸ்ரே 600, நைட் கார்டு, மூன்று திருத்தங்கள் உட்பட 7,000. எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார்கள், கேட்காமலே. டாக்டர் படித்தது சென்னையில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-ல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில். கையில் பணம் குறைவு, நேரம் உண்டு என்றால் அங்கேயே போகலாம், அவசரமில்லாமல் பார்ப்பார்கள் என்று அவரே சொன்னார்.

கடைசி வாரம்தான் ஆர்ட்டிகுலேட்டர் வேலைக்கு வந்தது. காதுகளில் இரண்டு குமிழ்களைச் செருகி, மூக்குக்கு மேலே ஒரு கம்பியை நிறுத்தி, மேல்தாடை மூட்டோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு கருவியால் அளந்தார். கண்ணாடிக் கடைக்கும் குதிரைக்குக் கடிவாளம் போடுவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று. இரண்டு நாள் கழித்துப் போனால், மேசைமேல் உலோகத் தாடையில் என் பற்கள் மஞ்சள் ஜிப்சம் வார்ப்பில் நின்று, அவர் கை அசைத்ததும் என்னைப் போலவே இடப்பக்கமாக மென்றன. புது முன்பற்களை அதில் மெழுகால் வடித்திருந்தார். அந்த மெழுகிலிருந்து எடுத்த அச்சில் பற்களின் நிறத்தில் பிளாஸ்டிக் குழம்பை ஊற்றி, என் பற்கள்மேல் போர்த்திவிட்டு, பேசிப் பாருங்கள் என்றார்.

பேச்சில்தான் பல்லின் நீளம் தெரியும். ஆங்கிலத்தில் ஐம்பதிலிருந்து அறுபது வரை எண்ணச் சொன்னார். ‘ஃப’ ஒலிக்கு மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டின் ஈர விளிம்பை லேசாகத் தொட வேண்டும். நம் மொழியில் அந்த ஒலி இரவல்தானே, தமிழ் மட்டும் பேசுகிற பாட்டிமாருக்கு என்ன செய்வீர்கள் என்றேன். “வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லச் சொல்வேன்” என்றார். அரை மில்லிமீட்டர் நீளம் என்று உரசினார். மறுபடி விரதம். மறுபடி உரசல். ஒரு பக்கம் அரைக்கும்போது சிங்கப்பல் மட்டும் தாங்கி மற்றப் பற்கள் விலகுகின்றனவா என்று பார்த்தார். சிரித்துப் பார்க்கச் சொன்னது எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

1930-களில் ஹாலிவுட் நடிகர்களுக்கு சார்லஸ் பிங்கஸ் என்ற கலிஃபோர்னியப் பல் மருத்துவர் மெல்லிய பல் உறைகள் செய்து கொடுத்தார். பல்செட் ஒட்டும் பொடியில் ஒட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், சாப்பிட ஆகாது. அவர் அதை மறைக்கவில்லை. எனக்கு மட்டும் யாரும் கழற்றிவிடச் சொல்லவில்லை.

அடுத்த ஆடிக்கு வரும்போதும் வலி இல்லாமல் இருந்தால்தான் புதுக் கேப்புகள். அதுவரை உரசித் திருத்திய பழைய ஆறுதான். கிளம்பும் நாளில் ஸ்கேல் 39 காட்டியது. சத்தம் இன்னும் இருக்கிறது. கணவர் தலை நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு இல்லை.

மெல்பர்ன் விமான நிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்ததால் பெட்டியைத் திறந்தார்கள். முறுக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், என் பட்டுப்புடவைக்குள் பொதிந்து, இரண்டு மஞ்சள் தாடைகள். டாக்டர்தான் கொடுத்தனுப்பினார், அங்கே அவசரம் என்றால் காட்டலாம் என்று. அதிகாரி மேல்தாடையைக் கையில் எடுத்து, என் வாயைப் பார்த்து, மறுபடி அதைப் பார்த்தார். “உங்களுடையதா?” ஆமாம் என்று சிரித்துக் காட்டினேன். முறுக்கைத்தான் ரொம்ப நேரம் சோதித்தார்.