எட்டு வருடமாக அடினியம்: பள்ளத்தூர் மொட்டை மாடி அனுபவம்

எங்கள் வீடு சிவகங்கை மாவட்டம், காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில். மொட்டை மாடியில் இப்போது பாலைவன ரோஜா என்று சொல்லும் அடினியம் இருபத்தாறு இருக்கின்றன. முதல் செடி 2017 தை மாதம் வாங்கியது. அது இன்னும் இருக்கிறது, வயிற்றில் ஒரு பெரிய தழும்போடு. மற்றவற்றில் பாதிக்கு மேல் அதன் விதையில் வந்தவை.

அதற்கு முன் ரோஜா, மல்லி, செம்பருத்தி எல்லாம் மாடியில் வைத்துப் பார்த்தோம். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாலும் கருகும். நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் குச்சிதான் மிஞ்சும். அடினியம் வாங்கும்போது நர்சரியில் சொன்னது ஒன்றே ஒன்று: "தண்ணியே வேண்டாம்மா, கல்லு மாதிரி நிக்கும்." வெயிலைப் பொறுத்தவரை அது முழுக்க உண்மை. ஒரு மே மாதம் பதினெட்டு நாள் பூட்டிய வீடாகக் கிடந்தது. திரும்பி வந்தபோது இலை கொஞ்சம் தொங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கம் அடினியம் சாவது ஐப்பசி மழையில். அதை யாரும் சொல்லவில்லை. மூன்று செடியைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

இந்தச் செடியின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளும் தெற்கு அரேபியாவும். டென்மார்க்கிலிருந்து அரேபியாவுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்த ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் இதை அரளி இனமாகக் கருதிப் பெயர் வைத்தார். அவர் 1763இல் ஏமனிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவர் குறிப்புகள் 1775இல்தான் அச்சாயின. பின்னால் 1819இல் இதைத் தனி இனமாகப் பிரித்து அடினியம் என்றார்கள். அவர் அரளி என்று நினைத்ததில் வியப்பில்லை, அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் இதன் குடும்பம்தான். பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும். அடியில் பருத்து நிற்பதைக் காடெக்ஸ் என்பார்கள், நாங்கள் கிழங்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தண்டும் வேரும் சேர்ந்து ஊதிய தண்ணீர்ப் பானை அது.

சரி, பறிகொடுத்த கதைக்கு வருகிறேன். நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில் நிற்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே அவர்கள் அளந்து தண்ணீர் விடுகிறார்கள், அதனால் பிரச்சினை இல்லை. நான் அந்த நார்த்தூள் உருண்டையை உதறாமல் அப்படியே பெரிய தொட்டியில் வைத்து, சுற்றி நம் தோட்டத்துச் செம்மண்ணை நிரப்பினேன். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் இருந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, புதுக்கோட்டை வழியாக எங்கள் பக்கமும் அடித்துவிட்டுப் போனது. மரம் விழுந்து, மின்சாரம் போய், வீட்டுக் கவலையே பெரிதாக இருந்ததில் மாடிச் செடிகளை யார் பார்த்தது? பத்து நாள் கழித்து ஏறிப் பார்த்தேன். நான்கு அடினியத்தில் மூன்றுக்கு இலை கொட்டியிருந்தது. தாகம் போல என்று நினைத்துத் தண்ணீரும் ஊற்றினேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு அது. அடுத்த வாரம் கிழங்கைத் தொட்டால் விரல் உள்ளே போனது, புளித்த வாடை.

மிஞ்சிய ஒன்றை மட்டும் காப்பாற்ற முடிந்தது. பிடுங்கி, மண்ணைக் கழுவி, அழுகிய பழுப்புச் சதையைக் கத்தியால் சீவிக்கொண்டே போனேன். வெள்ளைச் சதை தெரியும்வரை சீவ வேண்டும், ஒரு பழுப்புப் புள்ளியை விட்டாலும் அது பரவும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டேன். பாதிக் கிழங்கு போய்விட்டது. வெட்டிய இடத்தில் பூஞ்சாணக்கொல்லிப் பொடியைத் தடவி, இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் காற்றுப்படும் இடத்தில் பன்னிரண்டு நாள் கட்டித் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "ஏன் ஆத்தா, செத்ததைத் தொங்கவிட்டு வச்சிருக்க?" என்று கேட்டார்கள். காயம் காய்ந்து தோல் கட்டியதும் உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். மாசியில் துளிர் வந்தது. அந்தத் தழும்புச் செடி அதுதான்.

புதிதாக வளர்ப்பவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும்: வாரம் ஒருமுறை கிழங்கை விரலால் அழுத்திப் பார்ப்பது. கல் போல இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, தண்ணீர் வேண்டாம். கோடையில் கிழங்கு முழுதும் ஒரே சீராக லேசாக அமுங்கி, தோல் சுருங்கியிருந்தால் அது தாகம். ஒரு முறை நன்றாக ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும். மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மண்ணை ஒட்டிய இடத்தில், நிறம் மங்கி அமுங்கினால் அது அழுகல். அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் போயிற்று. இலை வாடுவது இரண்டிலும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையே நான் விட்டுவிட்டேன்.

மண் கலவைக்கு நம் ஊரிலேயே எல்லாம் கிடைக்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும் இடத்தில் உடைந்த நாட்டு ஓடு குவியலாகக் கிடக்கும். கேட்டு வாங்கி, பட்டாணி அளவுக்கு நொறுக்கிச் சலித்து, தூளைத் தள்ளிவிடுவேன். புதுவயல் அரிசி ஆலைகள் பக்கம் போனால் கருகிய உமி கிடைக்கும். கறுப்பாக, உமி உருவம் தெரிய இருப்பதுதான் வேண்டும். வெளுத்த சாம்பல் ஈரத்தில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டுத் துண்டு இரண்டு பங்கு, கருகிய உமி ஒரு பங்கு, செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்த்து ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் நின்று யோசிக்காமல் அடியில் ஓட வேண்டும், அதுதான் பதம்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டோடு சுவர்க் காரையும் கலந்து வந்துவிடும். ஒரு வருடம் பொறுக்காமல் அப்படியே போட்டேன். ஆறு தொட்டியில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. கலவையை மாற்றிய ஒரு மாதத்தில் புது இலை பச்சையாக வந்தது.

தொட்டி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, மண் தொட்டிதான். நம் மாவட்டத்து மானாமதுரையிலிருந்து வாய் அகன்ற, ஆழம் குறைந்த தொட்டிகளாக வாங்கினோம். கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலில் வேரை வேகவைக்கிறது, மழையில் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. மண் தொட்டியின் உடம்பு முழுக்க மூச்சு விடும். கனம் அதிகம், தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டும், அது ஒன்றுதான் குறை.

வீட்டுக்குள் எங்கே வைக்கலாம் என்றும் கேட்கிறார்கள். வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டு இரண்டை வைத்தேன். அங்கே உச்சி வெயில் மட்டும் சிறிது நேரம் விழும். ஒரு வருடத்தில் ஒல்லியாக நீண்டு, ஒரு பூகூட இல்லை. குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாமல் இது பூக்காது. பூத்த தொட்டியை விசேஷத்துக்கு நான்கு நாள் முகப்பில் கொண்டுவந்து வைக்கலாம், அப்புறம் மாடிக்கே அனுப்பிவிட வேண்டும்.

எங்கள் வருடம் இப்படிப் போகிறது. தை கடைசியில் கிளைகளை அரை அடி விட்டு வெட்டுவேன். பூ புதுக்கிளை நுனியில்தான் வரும், அதனால் மனசு இரங்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அப்போதே தொட்டி மாற்றி, கிழங்கை ஒரு அங்குலம் மேலே தூக்கி நடுவேன். மண்ணுக்குள் ஒளிந்திருந்த பருமன் வெளியே வர வர அழகு கூடுகிறது. பங்குனி பாதியிலிருந்து ஆனி வரை பூ. அந்த நாட்களில் மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர், மாதம் இரண்டு தடவை பத்தொன்பது-பத்தொன்பது உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் உரம்) லிட்டருக்கு இரண்டு கிராம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது, தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். அதனால் கோடை மழை பெய்தால் முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்து, அந்தத் தண்ணீரை ஊற்றுவேன். ஐப்பசி பிறந்ததும் உரமும் நிறுத்தம், தண்ணீரும் நிறுத்தம். எல்லாத் தொட்டியும் பின்கட்டுத் தகரக் கூரை ஓரத்துக்கு வந்துவிடும். மார்கழிவரை இலை பழுத்து உதிரும், மொட்டையாக நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒட்டுச் செடியா விதைச் செடியா என்றால், நம் பக்கத்துக்கு விதைச் செடி என்பேன். அடுக்குப் பூ ஒட்டு மூன்று வாங்கினேன், ஒவ்வொன்றும் நானூற்றைம்பது ரூபாய். முதல் வருடம் கண்ணைப் பறித்தன. ஆனால் அடுக்கு மொட்டு மழைத் துளியைப் பிடித்து வைத்து உள்ளேயே அழுகிவிடுகிறது. ஒன்றில் ஒட்டுக்குக் கீழே வந்த துளிரை நான் கவனிக்கவில்லை. அது மேலே ஏறி, ஒட்டுக் கிளை காய்ந்து, இப்போது சாதாரண இளஞ்சிவப்புப் பூதான் பூக்கிறது.

விதை கிடைப்பது அபூர்வம், 2019இல் முதல் முறையாகக் காய்த்தது. ஒரு காம்பில் இரண்டு காய், மாட்டுக் கொம்பு போல. முற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும். வெடித்தால் விதையின் இரண்டு முனையிலும் இருக்கும் பட்டு மயிரால் அத்தனையும் பறந்துவிடும். பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கட்டி வைத்தேன். நாற்பது விதை போட்டதில் ஒரே வாரத்தில் முப்பத்தொன்று முளைத்தன. புது விதைக்குத்தான் அந்த முளைப்பு. ஒன்றரை வருடத்தில் முதல் பூ. தாய்ச்செடி இளஞ்சிவப்பு, பிள்ளைகளில் ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை, இரண்டு அடர் சிவப்பு. இந்த வெயிலிலேயே முளைத்து வளர்ந்தவை என்பதாலோ என்னவோ, நோய் நொடி இவற்றுக்குக் குறைவு. குச்சி வெட்டி நட்டாலும் வேர் பிடிக்கும், ஆனால் விதைச் செடிபோல் அடி பருக்காது.

பூச்சி அதிகம் இல்லை. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டரில். விரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்று வரும், தலைப்பக்கம் நீலக் கண் போல இரண்டு புள்ளி இருக்கும். ஒரே இரவில் ஒரு செடியை மொட்டையாக்கிவிடும். மருந்து தேவையில்லை, அது அரளிக்கும் வரும் புழுதான். கையால் எடுத்துத் தோட்டத்து அரளியில் விட்டுவிடுவேன். அங்கே இலை தாராளமாக இருக்கிறது.

இதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள், இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வெட்டும் நாளில் கையுறை போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொட மாட்டேன். வெட்டிய கிளையை ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் போடக் கூடாது. பேரப்பிள்ளைகள் வரும் நாளில் மாடிக் கதவு பூட்டித்தான் இருக்கும். பால் வடியும் செடி வீட்டுக்கு ஆகாது என்று எதிர்வீட்டு ஆச்சி முதலில் சொன்னார்கள். போன வருடம் பங்குனியில் மாடிக்கு வந்து பூவைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளையில் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அதில் இப்போது காய் பிடித்திருக்கிறது, கொசுவலை கட்டியாயிற்று.